விபத்து நடந்த இடத்தில் அளவெடுப்பது முதல் தீர்ப்பாயம் வரை: நெல்லைப் பக்கத்துக்கு ஒரு கையேடு

கயத்தாறிலிருந்து காவல்கிணறு வரை எந்த ஸ்டேஷனில் பதிவான விபத்து எஃப்.ஐ.ஆரை எடுத்துப் பார்த்தாலும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். வேகம் எவ்வளவு, மோதல் மஞ்சள் கோட்டுக்கு எந்தப் பக்கம், பின்விளக்கு எரிந்ததா, பிரேக் பிடித்ததா என்று எதுவும் அதில் இருக்காது. இழப்பீட்டு வழக்கில் இன்சூரன்ஸ் வக்கீல் பிடித்துக்கொள்வது அந்த வெற்றிடத்தைத்தான். "இறந்தவர் மீதும் தவறு இருக்கிறது" என்று 30 சதவீதம் கழிக்க வைத்துவிட்டால், 30 லட்சம் ரூபாய்த் தீர்ப்பில் 9 லட்சம் போய்விடும்.

அந்த வெற்றிடத்தை நிரப்புவதுதான் தடயப் பொறியியலின் வேலை. விபத்து எப்படி நடந்தது என்று பொறியாளர் சொல்லலாம். யார் அலட்சியம் என்று தீர்மானிப்பது இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம். இந்த எல்லையைத் தாண்டி "லாரி டிரைவரே முழுப் பொறுப்பு" என்று எழுதும் பொறியாளரின் அறிக்கை குறுக்கு விசாரணையில் முதலில் அடிபடும்.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அரசுத் தடயவியல் நிபுணர் எல்லா விபத்துக்கும் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில்தான் நிபுணர் இடத்துக்கு வரவேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3). அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு, புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவின் 106(1)-ல் அதிகபட்சத் தண்டனை 5 ஆண்டு. ஆகவே சாதாரண விபத்தில் இடத்தை அளப்பது எஸ்.ஐ., வண்டியைப் பார்ப்பது மோட்டார் வாகன ஆய்வாளர். அதற்கு மேல் வேண்டும் என்றால் குடும்பமும் வக்கீலும்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

சாலையில் முதல் மூன்று நாள்

வெயில் காலத்தில் டயர் தேய்த்த கோடு சில நாள் தாங்கும். சாரல் நேரத்தில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மறுநாளே மங்கிவிடும். அதனால் வீட்டில் யாராவது ஒருவர் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நிற்கும்போதே இன்னொருவர் இடத்துக்குப் போயாக வேண்டும். ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள். நான்குவழிச் சாலையில் ஒருவர் கொடியுடன் 100 மீட்டர் பின்னால் நிற்காமல் டேப்பை விரிக்கக் கூடாது.

கையில் வேண்டியவை: 30 மீட்டர் ஃபைபர் டேப், 5 மீட்டர் டேப், சாக்பீஸ், 15 செ.மீ. ஸ்கேல், கட்டம் போட்ட நோட்டு, செல்போன். முதலில் நகராத இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். நம்பர் எழுதிய மின்கம்பம், கிலோமீட்டர் கல், பாலத்தின் கைப்பிடிச் சுவர் முனை போன்றவை சரி. டீக்கடைப் பந்தலும் பிளக்ஸ் போர்டும் உதவாது, வழக்கு வரும்போது அவை இருக்காது. ஒவ்வொரு தடயத்துக்கும் இரண்டு புள்ளிகளிலிருந்தும் தூரம் எழுதினால், எத்தனை வருடம் கழித்தும் அந்த இடத்தைத் திரும்பக் குறிக்க முடியும். "ரோட்டின் கிழக்கு ஓரத்திலிருந்து சுமார் 3 அடி" என்று மகஜரில் (இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பில்) எழுதுவதால் பயனில்லை. அந்த ஓரத்தில் அடுத்த வருடம் தார் போட்டு அகலப்படுத்தியிருப்பார்கள்.

எதை அளப்பது? கண்ணாடித் துண்டு கிடக்கும் இடத்தை மோதிய இடமாக எடுத்துக்கொள்வது எல்லோரும் செய்யும் பிழை. கண்ணாடி வண்டியின் வேகத்தோடு முன்னால் பறக்கும், பிறகு வருகிற வண்டிகள் அதைத் தள்ளிவிடும். மோதிய இடத்தைக் காட்டுவது மூன்று: தாரைக் கிண்டிய பள்ளக் கீறல், நேராக வந்த டயர் கோடு சட்டென்று ஒடிந்து திரும்பும் இடம், மட்கார்டுக்கு அடியிலிருந்து மொத்தமாக உதிர்ந்த காய்ந்த மண். மஞ்சள் கோட்டிலிருந்து இவை எத்தனை செ.மீ. என்பதில்தான் நேருக்கு நேர் மோதிய வழக்கு பாதி முடிகிறது.

போட்டோவை மூன்று தூரத்தில் எடுங்கள்: டிரைவர் பார்த்திருக்கும் உயரத்தில் 100, 50, 25 மீட்டரிலிருந்து, பிறகு தடயமும் கம்பமும் சேர்ந்து தெரியும்படி, பிறகு ஸ்கேல் வைத்துக் கிட்டத்தில். இரவு விபத்து என்றால் அதே நேரத்தில் இன்னொரு தடவை போய், தெருவிளக்கு எரிகிறதா என்று பார்த்துப் படம் பிடிக்க வேண்டும்.

சாலையின் குறையும் தடயம்தான். வேகத்தடையில் வெள்ளைப் பட்டை இருந்ததா, உயரம் எவ்வளவு என்று பாருங்கள். இந்தியச் சாலை காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 சொல்லும் வட்ட வடிவத் தடைக்கு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். ஊர்க்காரர்களே தார் கொட்டிப் போட்ட தடை பல இடங்களில் ஒரு முழம் அகலத்தில் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் அறுவடை நேரத்தில் ரோட்டில் நெல் காயும். அது எந்த நீளத்துக்கு, எந்தப் பாதியில் கிடந்தது என்று எழுதுங்கள். ஆடிக் காற்றில் பணகுடிக்குத் தெற்கே பைக் விழுந்திருந்தால் காற்று எந்தத் திசை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கோட்டிலிருந்து வேகம்

நான்கு சக்கரமும் பூட்டிச் சறுக்கிய வண்டியின் வேகத்துக்குக் கணக்கு எளிது. உராய்வு எண்ணையும் (டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிப்பின் அளவு) சறுக்கிய மீட்டரையும் 254-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். காய்ந்த தாரில் உராய்வு எண் 0.7, சறுக்கல் 30 மீட்டர் என்றால் 73 கி.மீ. அதே 30 மீட்டர் நனைந்த ரோட்டில் 0.4 ஆக இருந்தால் 55 கி.மீ.தான். மழை பெய்ததா என்ற ஒரே கேள்வியில் 18 கி.மீ. வித்தியாசம். ரோடு 100 மீட்டருக்கு 3 மீட்டர் ஏறினால் உராய்வு எண்ணோடு 0.03-ஐக் கூட்ட வேண்டும், இறங்கினால் கழிக்க வேண்டும்.

சறுக்கி முடித்து நிற்காமல் மோதியிருந்தால், மோதும்போது இருந்த வேகத்தையும் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேராகக் கூட்டக் கூடாது. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும். 30 மீட்டர் சறுக்கி 40 கி.மீ. வேகத்தில் மோதிய கார் முதலில் வந்தது 83-ல், 113-ல் அல்ல. இந்தத் தப்போடு வரும் அறிக்கைகளும் உண்டு.

உராய்வு எண்ணைப் புத்தகத்திலிருந்து எடுப்பதைவிட அந்த இடத்திலேயே அளப்பது நல்லது. டயரில் ஒரு துண்டு வெட்டி உள்ளே கான்கிரீட் ஊற்றி 15 கிலோ எடைக்குச் செய்துகொள்ளுங்கள். ஸ்பிரிங் தராசை மாட்டி, ரோட்டுக்கு இணையாகச் சீராக இழுங்கள். 10.5 கிலோ காட்டினால் 0.7. ஐந்தாறு தடவை இழுத்து, வந்த எல்லா எண்களையும் எழுதுங்கள். ஒத்துப்போகாதது என்று ஒன்றை விட்டுவிட்டால் அதைத்தான் எதிர்த் தரப்பு கேட்கும்.

கணக்கு ஏமாற்றும் இடங்கள் சில. பாரம் ஏற்றிய லாரிக்குக் காரில் எடுத்த எண்ணைப் போடக் கூடாது, லாரி டயரின் பிடிப்பு குறைவு. சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் உள்ள வண்டி கருப்புக் கோடு போடாது. கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால் மட்டும் தெரியும் மங்கலான விட்டு விட்டு வரும் தடம் இருக்கும். ஆகவே "கோடு இல்லை, பிரேக்கே போடவில்லை" என்ற வாதத்தை வண்டியின் தயாரிப்பு ஆண்டைப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளக் கூடாது. 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளில் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். பெரிய வம்பு ஸ்கூட்டரில் வரும். பின்சக்கரம் மட்டும் பூட்டிய 12 மீட்டர் கோட்டுக்கு 0.7 போட்டால் 46 கி.மீ. வரும். பின் பிரேக்கின் உண்மையான பலன் பாதிதான் என்று 0.35 போட்டால் 33 கி.மீ. இறந்துபோனவரை வேகக்காரர் ஆக்குவதற்கு இந்த ஒரு எண் போதும்.

வளைவில் வழுக்கிப் போன வண்டியின் தடம் வேறு மாதிரி இருக்கும். கோட்டுக்குள் சாய்வான நெருக்கக் கீற்றுகள் தெரியும். அந்த வளைவில் 20 மீட்டர் கயிற்றை நாண் போலப் பிடித்து, நடுவில் வில்லின் உயரத்தை (கயிற்றுக்கும் தடத்துக்கும் உள்ள இடைவெளியை) அளங்கள். அரை மீட்டர் வந்தால் வளைவின் ஆரம் சுமார் 100 மீட்டர். ஆரத்தையும் உராய்வு எண் 0.7-ஐயும் 127-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 94 கி.மீ. வரும். நடு உயரத்தில் 5 செ.மீ. பிசகினால் விடை 4 கி.மீ.க்கு மேல் நகரும், அதனால் கயிற்றை இறுக்கிப் பிடித்து இரண்டு தடவை அளக்க வேண்டும்.

நின்ற லாரி

நான்குவழிச் சாலையில் இரவில் திரும்பத் திரும்ப வரும் வழக்கு இது. ஓரத்தில் நிறுத்திய லாரியின் பின்னால் கார் அல்லது பைக் மோதும். "கண்ணிருந்தும் பார்க்காமல் வந்து மோதினான்" என்பார்கள். தூரக் கணக்கு வைத்தால் பேச்சு மாறும்.

தாழ்விளக்கில் (லோ பீமில்) பிரதிபலிப்பு இல்லாத அழுக்குப் பின்பக்கம் தெரிவது ஏறக்குறைய 40 முதல் 50 மீட்டருக்குள்தான். டிரைவர் பார்த்து பிரேக்கை மிதிக்க 1.5 நொடி என்று வைத்தால், 60 கி.மீ. வேகத்தில் அதற்கு 25 மீட்டரும் நிற்க 20 மீட்டரும் சேர்ந்து 45 ஆகும். 80-ல் 33-ம் 36-ம் சேர்ந்து 69 மீட்டர். அதாவது 80-ல் வந்தவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அவரால் நிற்க முடியாது. அந்த இடத்தின் வேக வரம்புக்குள் அவர் வந்திருந்தால் பொறுப்பு எங்கே சாய்கிறது என்பது தெரிந்துவிடும். வரம்பைத் தாண்டி வந்திருந்தால் இதே கணக்கு அவருக்கு எதிராகவும் பேசும். இரண்டையும் அறிக்கையில் எழுதுவதுதான் சரி.

இதற்கு லாரியில் பார்க்க வேண்டியது: சிவப்பு ரிஃப்ளெக்டிவ் பட்டை ஒட்டியிருக்கிறதா, தார்ப்பாய் தொங்கி மறைக்கிறதா, கம்பியோ மூங்கிலோ பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதா, பின் தடுப்புக் கம்பி இருக்கிறதா. அந்தக் கம்பி தரையிலிருந்து 55 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் இருந்தால், அல்லது பெயருக்கு வெல்டு வைத்திருந்தால், காரின் பானெட் உள்ளே போய் லாரியின் தளம் முன் கண்ணாடியில் இடிக்கும், ஏர்பேக் இருந்தும் பலன் இராது. வெல்டு எந்த இடத்தில் விட்டது, அந்த வெல்டின் உட்பக்கம் பழைய துருவா புது வெள்ளையா என்று கிட்டத்தில் படம் எடுங்கள்.

பின்விளக்கு எரிந்ததா என்பதை பல்பே சொல்லும். எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை சூடாக இருப்பதால் மோதிய அதிர்ச்சியில் ஜவ்வாக இழுபட்டுக் கோணலாகும். அணைந்திருந்தால் இழை அப்படியே இருக்கும், அல்லது நறுக்கென்று ஒடியும். எரியும்போதே கண்ணாடி உடைந்திருந்தால் இழை கருகி, உள்ளே மஞ்சள் கலந்த வெள்ளைப் பொடி படியும். இதனால்தான் மோதிய வண்டியில் யாரும் சுவிட்சைப் போட்டு "எரியுதா பாப்போம்" என்று சோதிக்கக் கூடாது. உடைந்த பல்பில் ஒரு நொடி கரண்ட் போனாலும் பொடி படிந்துவிடும், அதற்குப் பிறகு மோதும்போது எரிந்தது என்றும் சொல்ல முடியாது, எரியவில்லை என்றும் சொல்ல முடியாது. பல்பை ஹோல்டரோடு கழற்றி, பஞ்சு வைத்த டப்பாவில் போட்டு, மேலே நம்பரும் தேதியும் எழுத வேண்டும். எல்.இ.டி. விளக்குக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

வண்டி பட்டறைக்குப் போகும் முன்

ஆய்வு முதலியவை முடிந்து 24 மணி நேரத்துக்குள் வண்டியை உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-ஆம் பிரிவு சொல்கிறது. அது வெளியே போய்ப் பட்டறையில் ஏறிவிட்டால் தடயம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். எனவே வக்கீல் மூலம் எதிர்த் தரப்புக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் "இன்னின்ன பாகத்தை மாற்றாமல் வைத்திருக்கவும்" என்று முதல் வாரத்திலேயே பதிவுத் தபால் அனுப்புவது புத்திசாலித்தனம்.

மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் "விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல" என்ற வரி வழக்கமாக வரும். அதற்கு மேலே பிரேக் பத்தியில் என்ன எழுதியிருக்கிறார் என்று படியுங்கள். ஓட்டிப் பார்த்தாரா, நின்ற வண்டியில் மிதித்து மட்டும் பார்த்தாரா?

"பிரேக் பிடிக்கல" என்று டிரைவர் சொன்னால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கார், குட்டியானை மாதிரி எண்ணெய் பிரேக் வண்டிகளில் இரண்டு தனித்தனிச் சுற்று இருக்கும். ஒரே நொடியில் இரண்டும் போவது அபூர்வம். ஹோஸ் அறுந்த முனையில் பழைய வெடிப்பில் தூசி ஏறியிருந்தால் அது முன்பே தெரிந்திருக்க வேண்டிய குறை. முனை சுத்தமாக இருந்தால் மோதலில் அறுந்திருக்கலாம். ஏர் பிரேக் லாரியில் காற்று முழுதும் போனால் பார்க்கிங் ஸ்பிரிங் தானாகவே பிடித்துவிடும். அதில் நிஜமாக நடப்பது பிரேக் அட்ஜஸ்ட் தளர்ந்து, பிரேக்கைத் தள்ளும் கம்பி அளவுக்கு மேல் நீளமாக ஓடுவதும், புளியரை மாதிரி இறக்கத்தில் டிரம் சூடேறிப் பிடிப்பு குறைவதும். டிரம்மின் உள்பக்கத்தில் நீல நிறமும் மயிரிழை வெடிப்பும் தெரிகிறதா என்று பாருங்கள். குறை உறுதியானாலும் உரிமையாளர் தப்பிவிட முடியாது. ஒழுங்காகப் பராமரித்ததற்குப் பில் காட்ட வேண்டியது அவர்தான்.

"டயர் வெடித்தது, கடவுள் செயல்" என்பதும் அடிக்கடி வரும். அதை மும்பை உயர் நீதிமன்றம் 2023-ல் ஏற்கவில்லை. டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேல் ரப்பர் கட்டம்) உயரம், தேய்மானக் குறியான 1.6 மி.மீ. வரை தேய்ந்ததா, பக்கச் சுவரில் வாரம்-வருடம் காட்டும் நான்கு இலக்கம் என்ன என்று குறியுங்கள். பக்கச் சுவரின் உள்ளே சுற்றிலும் அரைத்த தூளும் மடிப்பும் இருந்தால் காற்று குறைந்தே வெகுதூரம் ஓடியிருக்கிறது. ஒரே இடத்தில் எக்ஸ் வடிவக் கிழிசல் என்றால் கல்லிலோ பள்ளத்திலோ இடித்தது.

ஒடிந்த அச்சு, ஸ்டியரிங்கின் டை ராடு, ஸ்பிரிங் பட்டை ஆகியவற்றின் முறிந்த முகத்தைத் துடைக்கவோ எண்ணெய் பூசவோ பொருத்திப் பார்க்கவோ கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக விரிந்த முறிவில் அலைக் கரை மாதிரி வளையங்கள் வரிசையாகத் தெரியும், கடைசியில் ஒரு சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும். மோதலில் ஒடிந்தது முழுதும் சொரசொரப்பாகவே இருக்கும். பொருத்திப் பார்த்தால் இரண்டு முகமும் உரசி இந்த வித்தியாசம் அழிந்துவிடும்.

கேமராவும் டோலும்

கடைகளின் டி.வி.ஆர். (கேமராப் பதிவுப் பெட்டி) நிரம்பியதும் பழையதை அழித்து எழுதும். சிலவற்றில் ஒரு வாரம்கூடத் தாங்காது. செல்போனால் திரையைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பிக்கொண்டால் போதாது. மூலக் கோப்பையே பென் டிரைவில் எடுத்து, கடிகாரம் நிஜ நேரத்துக்கு எத்தனை நிமிடம் முந்தியோ பிந்தியோ இருக்கிறது என்றும் எழுத வேண்டும். புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷ்ய அதினியத்தின் 63(4)-ன் சான்றிதழ், அதில் கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு, இவை இல்லாவிட்டால் எதிர்ப்பு வரும்.

வீடியோவில் வேகம் கணக்கிட, படத்தில் தெரியும் இரண்டு கம்பங்களுக்கு இடையே உள்ள தூரத்தை நேரில் அளங்கள். 30 மீட்டரை 25 பிரேம் கேமராவில் 36 பிரேமில் கடந்தால் 1.44 நொடி, அதாவது 75 கி.மீ. நொடிக்கு 10 பிரேம் மட்டும் எடுக்கும் மலிவுக் கேமராவில் 14 பிரேம் என்று எண்ணினால், ஒரு பிரேம் முன்பின்னாகப் போனாலே விடை 72 முதல் 83 வரை ஆடும்.

சாலைப்புதூர் டோலுக்கும் நாங்குநேரி டோலுக்கும் இடையே ஃபாஸ்டேக் நேரத்தை வைத்துச் சராசரி வேகம் எடுக்கலாம். அது மோதிய நொடியின் வேகம் ஆகாது. நடுவில் டீக்கு நின்றிருந்தால் சராசரி குறைவாகவே காட்டும், ஆகவே சராசரியே அதிகமாக வந்தால்தான் அது பேசும். புதிய பேருந்து, வாடகைக் காரில் ஜி.பி.எஸ். கருவிப் பதிவும், சில கார்களின் ஏர்பேக் பெட்டியில் மோதலுக்கு முந்தைய சில நொடிகளின் வேகமும் பிரேக்கும் இருக்கும். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்புவதற்கு முன் அதை எடுக்க வேண்டும்.

காகிதமும் நிபுணரும்

2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தர வேண்டும். இவற்றோடு பார்வை மகஜர், மாதிரி வரைபடம், ஆய்வாளர் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அல்லது காயச் சான்று ஆகியவற்றை வாங்கி, உங்கள் அளவோடு ஒப்பிடுங்கள். வரைபடத்தில் வடக்குத் திசையே மாறியிருந்தால் திருத்தச் சொல்லி எஸ்.பி. அலுவலகத்துக்கு அன்றே மனுக் கொடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் போடும் இழப்பீட்டு மனுவுக்கு விபத்து நாளிலிருந்து 6 மாதம் என்ற வரம்பு சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பித் தேதி குறியுங்கள். தவறு யாருடையது என்று நிரூபிக்கவே முடியாத வழக்குக்கு அதே சட்டத்தின் 164-ஆம் பிரிவு உண்டு. மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம்.

தீர்ப்பாயத்தில் கிரிமினல் கோர்ட் அளவுக்குச் சந்தேகமற்ற நிரூபணம் தேவையில்லை, எது அதிகம் சாத்தியம் என்று காட்டினால் போதும். ஆனால் வண்டிகள் கடைசியாக நின்ற நிலையை மகஜரில் மட்டும் பார்த்து அலட்சியத்தைப் பங்கு பிரிக்க முடியாது என்று ஜிஜு குருவிலா வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பைக்கில் மூன்று பேர் போனதே தவறில் பங்கு ஆகிவிடாது, அதனால்தான் மோதல் நடந்தது என்று காட்ட வேண்டும் என்று 2020-ல் முகமது சித்திக் வழக்கில் சொன்னது. இரண்டும் பொறியாளருக்குக் கொடுக்கும் கேள்வியை வடிவமைக்க உதவும். "யார் தவறு?" என்று கேட்காதீர்கள். "மோதிய புள்ளி எது? வேகத்தின் கீழ் எல்லை, மேல் எல்லை என்ன? 60-ல் வந்திருந்தால் தவிர்த்திருக்க முடியுமா?" என்று எழுத்தில் கேளுங்கள்.

நெல்லையில் உள்ள வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் பொருளைப் போலீஸ் அல்லது கோர்ட் வழியாகத்தான் அனுப்ப முடியும், நேரில் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. தனியார் பொறியாளர் என்றால் அவர் இடத்தைப் பார்த்த தேதி, அளவு எடுத்தவர் யார், எந்த உராய்வு எண், ஏன் என்ற நான்கும் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். வேகம் "72.46 கி.மீ." என்று தசமத்தில் வந்தால் சந்தேகப்படுங்கள். "68 முதல் 78" என்று எழுதுபவர்தான் சாட்சிக் கூண்டில் தாக்குப்பிடிப்பார். அவர் சாட்சி சொல்ல வரமாட்டார் என்றால் அந்த அறிக்கைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். தேவைப்பட்டால் தீர்ப்பாயமே மோட்டார் வாகனச் சட்டத்தின் 169(3)-ன்படி விவரம் தெரிந்த ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மனுப் போடலாம்.

கழற்றிய பல்பு, ஹோஸ், டயர் துண்டு எல்லாவற்றையும் சீட்டு ஒட்டி வைத்திருங்கள். தீர்ப்பு வந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மேல்முறையீட்டுக்கு 90 நாள் இருக்கிறது, போட்டுவிட்டால் அது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் முடியும் வரை அவை வேண்டும்.